நகராட்சி வார்டில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன்: வேட்புமனுவிலிருந்து எண்ணிக்கை வரை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிக்காரர்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு நகராட்சி எங்கள் ஊர். இப்போதைய மன்றத்துக்கு 2027 மார்ச் தொடக்கத்தோடு ஐந்து வருடம் முடிகிறது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் எப்போது அறிவித்தாலும் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்பது என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். எனக்கு 24 வயது. விசைத்தறிப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை.

நிற்க நினைத்ததற்குக் காரணம் ஒரு சிறுபாலம். எங்கள் நான்கு தெருச் சாக்கடையும் அதற்கு அடியில்தான் போயாக வேண்டும். ரோடு போட்டபோது பாலத்தின் அடிமட்டம் சாக்கடையை விட ஒரு சாண் மேலே வந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் முட்டிக்கொண்டு திரும்பித் தெருவுக்குள் வருகிறது, கடைசி வீடுகளில் தரையில் வைத்த நூல் மூட்டைகள் நனைகின்றன. மனு கொடுத்தால் "எஸ்டிமேட் போட்டாச்சு" என்ற பதிலோடு சரி. மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

என் சந்தேகங்கள்: நிற்க என்னென்ன தகுதி வேண்டும்? டெபாசிட் எவ்வளவு? எங்கள் வார்டு போன முறை பெண்கள் (பொது) என்று இருந்தது, அது பொதுவாக மாறிவிட்டால் நான் நிற்க முடியாதா? மூன்று குழந்தை இருந்தால் நிற்கக்கூடாது என்று அத்தான் சொல்கிறார், என் பக்கத்து வீட்டு அக்காவும் வேறு வார்டில் நிற்கும் யோசனையில் இருப்பதால் கேட்கிறேன். அப்புறம், சேர்மனுக்கும் நாம் ஓட்டுப் போடுவோமா, இல்லையா? 2011-ல் அம்மா இரண்டு ஓட்டுப் போட்டதாகச் சொல்கிறார். 2022-ல் எனக்கு ஒன்றுதான் கிடைத்தது.

மட்டுறுத்துநர்:

நல்ல கேள்வி. கட்சிச் சண்டை வேண்டாம், நடைமுறையைப் பேசுவோம். தொகைகளைச் சொல்பவர்கள் எந்த வருடத்துக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு:

சகோதரி, முதலில் அத்தானுக்குப் பதில். தமிழ்நாட்டில் குழந்தை எண்ணிக்கைக்கும் உள்ளாட்சியில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆந்திராவில் அப்படி ஒரு சட்டம் இருந்தது, 2024-ல் அங்கேயும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா தாராளமாக நிற்கலாம்.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25. உள்ளாட்சிக்கு மட்டும் 21 போதும் என்று அரசியல் சட்டமே 243-வி பிரிவில் சொல்கிறது. ஓட்டுப் போட 18. உங்கள் நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், எந்த வார்டில் இருந்தாலும் சரி. ஆனால் உங்களை முன்மொழிகிறவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். பரிசீலனையில் மனு விழுவது இந்த இடத்தில்தான். முன்மொழிந்தவர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வார்டுக்காரர் என்று தெரியவரும், அதோடு கதை முடிந்தது. கையெழுத்து வாங்கும் முன் பட்டியலில் அவருடைய பாகம் எண், வரிசை எண் இரண்டையும் நீங்களே கண்ணால் பாருங்கள்.

பெண்கள் வார்டு பொது வார்டாக மாறினாலும் நீங்கள் நிற்கலாம். பொது வார்டில் ஆண், பெண் யாரும் நிற்கலாம். பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கியது குறைந்தபட்சம்தான், உச்சவரம்பு இல்லை. ஒதுக்கீட்டில் எஸ்சி, எஸ்டி, அவற்றில் பெண்கள், பிறகு பெண்கள் (பொது) என்று பிரிவுகள் உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கு நம் மாநில உள்ளாட்சிகளில் தனி ஒதுக்கீடு கிடையாது. எஸ்சி வார்டில் நிற்பவர் சாதிச் சான்றிதழை மனுவோடு வைக்க வேண்டும்.

டெபாசிட், 2022 கணக்குப்படி: பேரூராட்சி வார்டுக்கு ₹1,000, நகராட்சிக்கு ₹2,000, மாநகராட்சிக்கு ₹4,000. எஸ்சி, எஸ்டி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. செலவு வரம்பு பேரூராட்சியில் ₹17,000. நகராட்சி முதல் நிலை, இரண்டாம் நிலை என்றால் ₹34,000, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்றால் ₹85,000. உங்கள் ஊர் எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதற்கான புது விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அடுத்த தேர்தலில் படிவமும் தொகையும் மாறியிருக்கக்கூடும். அறிவிப்பு வந்த அன்றே மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையேட்டை வாங்கிவிடுங்கள்.

மனுவோடு உறுதிமொழி ஆவணம் தர வேண்டும்: வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா, சொத்து, கடன், படிப்பு. சொத்து வரி, குடிநீர்க் கட்டண பாக்கியை இப்போதே அடைத்து ரசீதை எடுத்து வையுங்கள். 2022-ல் மனுத்தாக்கல் நாட்களில் வரி கட்டும் கவுன்ட்டரில் வேட்பாளர்கள் வரிசை கட்டி நின்றார்கள். நகராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்திருந்தால் தகுதி போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சைதைவாசி:

தங்கச்சி, மனம் தளர வைக்கச் சொல்லவில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று சென்னையில் ஓட்டுப் போட்டது 43.59 சதவீதம். பாதிப் பேர் கூட வரவில்லை. ஏன் வரவில்லை? மேயரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1996-லும் 2001-லும் இதே சென்னை மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டது. 2006-ல் கவுன்சிலர்கள் கூடி எடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடி. 2016-ல் மறைமுகம் என்று திருத்தம், 2018-ல் நேரடி என்று இன்னொரு திருத்தம், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகம். எந்த ஆட்சி வந்தாலும் தனக்கு வசதியான முறையை எடுத்துக்கொள்கிறது. ஊருக்குத் தலைவர் யார் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். அது இல்லாதவரை ஒரு வார்டில் ஒரு சுயேச்சை ஜெயித்து என்ன செய்துவிட முடியும்?

பழைய_கவுன்சிலர்:

சைதைவாசி தம்பியின் கோபம் நியாயமானது. நேரடித் தேர்தல் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நான் 2006 முதல் 2011 வரை டெல்டாப் பக்கம் ஒரு நகராட்சியில் உறுப்பினர். அதுவும் மறைமுகத் தேர்தல் நடந்த காலம்.

மகளே, உன் அம்மா சொன்னது சரி. 2011-ல் வார்டு உறுப்பினருக்கு ஒன்று, சேர்மனுக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு. 2022-ல் வார்டுக்கு மட்டும். அப்போது பிப்ரவரி 22-ல் எண்ணிக்கை, மார்ச் 2-ல் உறுப்பினர்கள் பதவியேற்பு, மார்ச் 4 காலையில் மேயர், சேர்மன் தேர்தல், மதியம் துணை மேயர், வைஸ் சேர்மன். ஓட்டுப் போடுகிறவர்கள் மன்ற உறுப்பினர்கள் மட்டுமே. நகராட்சியில் முப்பது வார்டு என்றால் முப்பது ஓட்டு. பதினாறு இருந்தால் நாற்காலி.

இப்போது யோசித்துப் பார். ஒரு பக்கம் பதினான்கு, இன்னொரு பக்கம் பதினான்கு, சுயேச்சை இரண்டு. அந்த இரண்டு பேர் வீட்டுக்கு எத்தனை கார் வரும் என்று நினைக்கிறாய்? எண்ணிக்கை முடிந்த சாயங்காலம் தொடங்கி மறைமுகத் தேர்தல் நாள் வரை சுயேச்சையின் போன் ஓயாது. சுற்றுலா கூட்டிப் போகிறேன் என்பார்கள், ரிசார்ட்டில் தங்க வைப்பார்கள். சுயேச்சையாக நிற்பவளுக்கு உண்மையான சோதனை பிரசாரத்தில் இல்லை, அந்தப் பத்து நாளில்தான். உன் சிறுபாலத்தை அப்போது பேசு. ஆதரவு கேட்டு வருகிறவரிடம், முதல் கூட்டத்திலேயே அந்த வேலையை அஜெண்டாவில் வைப்பீர்களா என்று வார்டு ஆட்கள் பத்துப் பேர் முன்னால் கேள். பணத்துக்கோ வேறு எதற்கோ கை நீட்டினால், பிறகு ஐந்து வருடம் மன்றத்தில் வாய் திறக்க முடியாது. வாய் திறக்க முடியாமல் போனவர்களை என் காலத்தில் பக்கத்து இருக்கையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வார்டு உறுப்பினருக்குப் போடும் அந்த ஒரு ஓட்டுக்குள்தான் மேயர் ஓட்டும் இருக்கிறது. வேட்பாளர் வாசலுக்கு வரும்போது "ஜெயித்தால் சேர்மன் தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். கட்சி வேட்பாளரிடமும் கேளுங்கள். இதைக் கேட்கிற வாக்காளரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணிக்கரை:

// கட்சி வேட்பாளரிடமும் கேளுங்கள் //

ஐயா சொன்னதற்கு எங்கள் திருநெல்வேலியே சாட்சி. 55 வார்டு. 2022-ல் தேர்வான மேயர் 2024 ஜூலையில் ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 5 அன்று புது மேயருக்கு மறைமுகத் தேர்தல். ஆளுங்கட்சி அறிவித்த வேட்பாளருக்கு 30 ஓட்டு, அதே கட்சிக்காரர் எதிர்த்து நின்று 23 வாங்கினார். தலைமை சொல்லியும் மன்றம் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்தது. 2022 மார்ச் 4 அன்றும் இதுதான் பல ஊர்களில் நடந்தது. கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கிய நெல்லிக்குப்பம் நகராட்சியில் பெரிய கட்சியின் போட்டி வேட்பாளர் ஜெயித்தார். அப்படி ஜெயித்தவர்களைப் பதவி விலகச் சொல்லி முதலமைச்சரே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

எம்எல்ஏ, எம்பிக்களுக்கு உள்ள கட்சித் தாவல் தடைச் சட்டம் நம் கவுன்சிலர்களைக் கட்டுப்படுத்தாது. கேரளாவில் உள்ளாட்சிக்கென்றே 1999-ல் தனிச் சட்டம் போட்டார்கள். இங்கே அது இல்லை. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கட்சி தவறான ஆளை நிறுத்தினால் உறுப்பினர் மறுக்கலாம். அதே சுதந்திரத்தை விலைக்கும் விற்கலாம்.

கரும்பலகை:

அரசுப் பள்ளி ஆசிரியை நான். தேர்தல் வேலைக்குப் பல முறை போயிருக்கிறேன், 2022-லும் ஒரு நகராட்சி வார்டில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். வாக்குச்சாவடிக்குள் நடப்பதைச் சொல்கிறேன், வேட்பாளருக்கும் வாக்காளருக்கும் பயன்படும்.

சட்டமன்றத் தேர்தலில் போட்ட அதே பள்ளிக்கூடம்தானே என்று நேராக வந்துவிடாதீர்கள். உள்ளாட்சிக்கு வார்டு வாரியாகச் சாவடி பிரிக்கிறார்கள். சில வார்டுகளில் ஆண்களுக்கு ஒரு சாவடி, பெண்களுக்கு ஒரு சாவடி, சில இடங்களில் எல்லோருக்கும் ஒன்று. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து ஒரே வரிசையில் நிற்பார்கள், உள்ளே வந்த பிறகுதான் ஒருவருக்கு அடுத்த கட்டிடம் என்று தெரியும். வயதானவர்கள் அந்த அலைச்சலில் ஓட்டுப் போடாமலே வீட்டுக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்காது. பூத் ஸ்லிப்பை முந்தின நாளே பாருங்கள்.

நகர்ப்புறத்தில் மின்னணு இயந்திரம்தான். கிராம ஊராட்சிகளில்தான் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறச் சீட்டு. நகராட்சியில் ஒரே பொத்தான், ஒரே ஓட்டு. ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் 2022 உள்ளாட்சியில் வைக்கவில்லை. நோட்டாவும் இல்லை. நோட்டா பொத்தானைத் தேடி மறைப்புக்குள் நெடுநேரம் நின்ற இளைஞர்கள் உண்டு.

காலை 7 மணிக்குத் தொடங்கும் முன் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். சுயேச்சையாக நிற்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். பெரிய கட்சி ஏஜென்ட்டுகள் விடியும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், சுயேச்சையின் ஏஜென்ட் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு வருவார். மாதிரி ஓட்டுகளை அழித்துக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததை உங்கள் ஆள் கண்ணால் பார்க்க வேண்டும், சீலில் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்குத் தாளின் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை அன்று அந்தத் தாளும் இயந்திரம் காட்டும் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு அதுவே ஆதாரம். வார்டுக்கு இரண்டு மூன்று சாவடிதான் இருக்கும். நம்பிக்கையான பெண்கள் நான்கைந்து பேரைப் பழக்கினால் போதும்.

வாக்காளர்களுக்கு இன்னொன்று. நீங்கள் போவதற்குள் உங்கள் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டி டெண்டர் ஓட்டு கேளுங்கள். சீட்டில் போட்டு உறைக்குள் தனியாக வைப்போம். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது. ஆனால் பிறகு வழக்கு வந்தால் நீதிமன்றத்தின் முன் அது பேசும்.

தறிக்காரர்_மகள்:

எல்லோருக்கும் நன்றி. பழைய கவுன்சிலர் ஐயா சொன்ன பத்து நாள் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

இன்னும் இரண்டு கேட்க வேண்டும். சின்னம் எப்போது கிடைக்கும்? நோட்டீஸ் அடிக்க எத்தனை நாள் இருக்கும்? அடுத்தது, எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு இருக்கும் தறித் தொழிலாளிகள். அடிக்கடி வீடு மாறுகிறார்கள். அவர்கள் ஓட்டு எங்கே இருக்கும்?

வழக்குக்கட்டு:

சின்னத்துக்கு 2022 அட்டவணையைப் பாருங்கள். அறிவிப்பு ஜனவரி 26. மனுத்தாக்கல் 28 முதல் பிப்ரவரி 4 வரை. 5-ல் பரிசீலனை. 7-ல் வாபஸ் வாங்கக் கடைசி நாள், அன்று மாலைதான் இறுதிப் பட்டியலும் சுயேச்சைகளுக்குச் சின்னமும். ஓட்டுப்பதிவு 19. ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிட்டது. ஆக, சின்னத்தோடு வீடு வீடாகப் போக உங்களுக்குக் கிடைப்பது பத்து நாள் மாதிரி. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்குச் சின்னம் வருடக்கணக்காகச் சுவரில் இருக்கிறது. நீங்கள் இப்போதிருந்தே முகத்தைப் பழக்குங்கள், சின்னம் பிறகு வரட்டும். பட்டியலில் உள்ள சுயேச்சைச் சின்னங்களில் கிழவிக்கும் ஒரே பார்வையில் புரிவதாக மூன்றை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுங்கள். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல்தான்.

வாடகைக்காரர்கள் விஷயம் முக்கியமானது. உள்ளாட்சிக்கென்று ஆணையம் தனியாக வீடு வீடாகக் கணக்கெடுப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை எடுத்துத் தெருவாரியாகப் பிரித்து வார்டுப் பட்டியல் தயாரிக்கிறார்கள். ஆகவே வீடு மாறியவர் சட்டமன்றப் பட்டியலில் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றியிருக்க வேண்டும், புதிதாகச் சேர்பவர் படிவம் 6. தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது, ஆறு மாதம் முன்பே செய்துவிட வேண்டும்.

பழைய_கவுன்சிலர்:

வக்கீல் தம்பி சொன்ன பட்டியல் பிரிப்பில்தான் பாதித் தேர்தல் இருக்கிறது. எல்லை ஒரு தெருவின் நடுவில் போகும். இடப்பக்கம் ஒரு வார்டு, வலப்பக்கம் இன்னொன்று. பிரிக்கும்போது ஒரே வீட்டில் மாமியார் ஒரு வார்டிலும் மருமகள் அடுத்த வார்டிலும் போய் விழுவார்கள். வார்டுப் பட்டியல் நகராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கும் நாளில் போய் ஒரு பிரதி வாங்கு. தெருவில் நடந்து, கதவு எண் வாரியாக ஒவ்வொரு பெயராகச் சரிபார். இறந்தவர், ஊரை விட்டுப் போனவர், தவறான வார்டில் விழுந்தவர் என்று மூன்று நிறத்தில் குறி. நீ கணக்கு எழுதுகிறவள், இது உனக்குக் கைவந்த வேலை.

பேரூராட்சி, நகராட்சி வார்டில் வெற்றி வித்தியாசம் பல நேரம் இருபது முப்பது ஓட்டுதான். சமமாக வந்து குலுக்கல் போட்ட வார்டுகளும் 2022-ல் உண்டு. பட்டியலைச் சரிபார்த்து முப்பது பெயரை உரிய வார்டுக்குக் கொண்டுவந்தால், அது மேடை போட்டுப் பேசுவதை விடப் பெரிய வேலை.

வார்டு_அக்கா:

கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இப்போது உறுப்பினராக இருக்கிறேன், பெண்கள் வார்டு. தங்கச்சி, ஜெயித்த பிறகு என்ன என்பதை நான் சொல்கிறேன்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது பல பெண் உறுப்பினர்களின் கணவர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் அவர்களைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டார்கள். மன்றத்துக்குள் உறுப்பினரின் உறவினர்களுக்கு இடமே கிடையாது என்று எடுத்துச் சொல்லி, அலுவலரிடம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. நீ முதல் நாளிலிருந்தே உன் போன் நம்பரைக் கொடு. அப்பா நம்பரோ அண்ணன் நம்பரோ நோட்டீஸில் போடாதே. குழாய் உடைந்தால் உன்னைத்தான் கூப்பிட வேண்டும்.

கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? அஜெண்டா முன்கூட்டியே வரும். பொருள் 1, பொருள் 2 என்று நாற்பது பொருள் இருக்கும். எழுத்தர் இரண்டு பொருள் வாசிப்பதற்குள் "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று குரல் வரும், மேசையைத் தட்டுவார்கள், முடிந்தது. லட்சக்கணக்கில் வேலைகள் அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடும். நான் செய்வது இதுதான்: அஜெண்டா வந்த இரவே என் வார்டு பெயர் வரும் பொருள்களைக் கோடு போட்டு வைப்பேன். எந்தத் தெரு, எத்தனை மீட்டர், எவ்வளவு தொகை என்று மூன்று கேள்வி. "ஆல் பாஸ்" என்று ஆரம்பிக்கும் முன் எழுந்து, பொருள் எண்ணைச் சொல்லி விவாதம் கேட்பேன். மறுத்தால் என் எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லி எழுத்தில் தருவேன். அப்படிக் கேட்டதால் ஒரு சந்தில் ஏற்கெனவே சிமெண்ட் தளம் இருக்கும் இடத்துக்கே மறுபடி தளம் போட வந்த எஸ்டிமேட் நின்றது. உன் சிறுபாலத்துக்கும் அடிமட்ட அளவு எடுத்துப் போட்டோவோடு வைத்துக்கொள். அளவைச் சொன்னால் பொறியாளர் நின்று பதில் சொல்வார்.

மதிப்பூதியம் 2023 ஜூலை முதல் மாதாமாதம் தருகிறார்கள். பேரூராட்சி உறுப்பினருக்கு ₹2,500, நகராட்சிக்கு ₹5,000, மாநகராட்சிக்கு ₹10,000. பட்டறைக் கணக்கு வேலையை விட்டுவிடாதே.

சைதைவாசி:

அக்கா சொன்னதைப் படித்து மரியாதை வருகிறது. ஆனாலும் அதிகாரம் என்று பார்த்தால்? 2022 மார்ச் 4-ல் மேயர்கள் வந்தார்கள். ஒரு மாதம் கூட ஆகவில்லை, சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு என்று மாநில அரசு அறிவித்தது. மன்றங்கள் கூடித் தீர்மானம் போட்டன, அவ்வளவுதான். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம். கமிஷனர் மாநில அரசு அனுப்பும் ஐஏஎஸ் அதிகாரி. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 12-வது அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியல் போட்டது. அவை முழுசாக மன்றத்தின் கைக்கு வந்திருந்தால் நானும் வரிசையில் முதலில் நிற்பேன்.

பழைய_கவுன்சிலர்:

தம்பி, அதிகாரம் போதாது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. மன்றமே இல்லாமல் இருந்த காலத்தை நினைத்துப் பார். 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு 1973-ல் மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழலுக்குப் பிறகு மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த மன்றம் 1996-ல். அந்த 23 வருடமும் தனி அதிகாரிதான். 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தலை ரத்து செய்தது, பிறகு நகர்ப்புறத்தில் 2022 வரை ஐந்து வருடத்துக்கு மேல் மறுபடி தனி அதிகாரி. 2017, 2018-ல் எங்கள் ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் எந்த வாசலில் போய் நிற்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு, அவ்வளவுதான்.

சென்னையின் 43.59-ஐச் சொன்னாய். அதே நாளில் பேரூராட்சிகளில் ஏறத்தாழ 75 சதவீதம், நகராட்சிகளில் 68. அங்கேயும் தலைவரைத் தேர்ந்தெடுத்தது மறைமுகமாகத்தான். முறை ஒன்றே. அங்கே ஆட்கள் ஏன் வந்தார்கள்? நிற்கிறவரைத் தெரியும், தோற்றால் நாளை டீக்கடையில் பார்ப்பார்கள். சென்னையில் 200 வார்டு, ஒரு வார்டில் பல ஆயிரம் வாக்காளர். பக்கத்து ஃப்ளாட்டில் இருப்பவரையே தெரியாது. நேரடித் தேர்தல் மட்டும் அந்த இடைவெளியை அடைக்காது. பகுதி சபா என்று 2022 நவம்பர் 1 முதல் தொடங்கினார்களே, வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து மக்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம். உன் வார்டில் அது கூடியதா, யார் போனார்கள் என்று விசாரித்துப் பார்.

சைதைவாசி:

விசாரிக்கிறேன் ஐயா. நேரடித் தேர்தல் வேண்டும் என்பதை மட்டும் விட மாட்டேன்.

தாமிரபரணிக்கரை:

விட வேண்டாம். ஒரு கூடுதல் தகவல்: மாற்றுத்திறனாளிகளை நகர்ப்புற, ஊரக உள்ளாட்சிகளில் நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அவர்கள் தேர்தலில் நிற்கத் தேவையில்லை. உங்கள் ஊர்களில் தகுதியானவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். நியமன உறுப்பினர் என்றாலும் மன்றத்தில் அவர்கள் பேசுவது பதிவாகும்.

கரும்பலகை:

போட்டியின்றித் தேர்வு பற்றி யாரும் பேசவில்லை. 2022-ல் 12,838 வார்டுகளில் 218 பேர் எதிர்ப்பே இல்லாமல் வந்தார்கள், அதில் 196 பேர் பேரூராட்சிகளில். ஊர் ஒற்றுமை என்று சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையும் கூட. ஆனால் வாபஸ் நாள் அன்று சுயேச்சைகளைச் சுற்றி வளைத்துப் பேசும் பேச்சை அலுவலகத் தாழ்வாரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். தங்கச்சி, அன்று மாலை வரை தனியாக எங்கும் போகாதே. உன் முன்மொழிந்தவரையும் தனியாக விடாதே.

தறிக்காரர்_மகள்:

சரி அக்கா. அம்மாவும் அதையேதான் சொன்னார்.

இந்த வாரமே செய்யப் போவது: வீட்டு வரி, தண்ணீர் பாக்கி கட்டுவது. தெருவில் வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8 போட்டுக் கொடுப்பது, பட்டறை லீவு நாளில் உட்கார்ந்தால் நிறைய பேருக்கு முடியும். சிறுபாலத்தின் அடிமட்டத்தை அளந்து எழுதி வைப்பது. முன்மொழிய இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன், இருவர் பெயரும் எங்கள் வார்டுப் பாகத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. எதிரே நிற்பவர்கள் ஓட்டுக்குப் பணம் கொடுப்பார்கள், அது எங்கள் பக்கம் புதிதில்லை. 2022-ல் கோவைப் பக்கம் ஹாட்பாக்ஸும் கொலுசும் ஒரே பேச்சாக இருந்தது. நான் கொடுக்கப் போவதில்லை. என் செலவு வரம்பில் கால்வாசி கூட ஆகாது. அப்படியென்றால் கணக்குக் காட்டத் தேவையில்லையா? தோற்றுப்போனால்?

வழக்குக்கட்டு:

ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரு ரூபாய் செலவானாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்கத் தடை வரும். சுயேச்சைகள் பலர் தோற்ற சலிப்பில் இதை விட்டுவிட்டு, இடைத்தேர்தல் வரும்போது தகுதி இல்லாமல் நிற்கிறார்கள். மனுத்தாக்கல் அன்றே தனி நோட்டு போடுங்கள். நோட்டீஸ் அச்சுக்கூலி, ஆட்டோ வாடகை, மைக் செட், ஏஜென்ட்டுகளுக்கு வாங்கிய சாப்பாடு, எல்லாவற்றுக்கும் தேதியோடு ரசீது. நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் எத்தனை பிரதி என்பதும் இருக்க வேண்டும்.

பணம் கொடுப்பதைப் பார்த்தால் வீடியோ எடுத்து, நேரம், தெருப் பெயரோடு தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் பறக்கும் படைக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போடுவதென்றால் ரிட் மனுவாக நேராக உயர் நீதிமன்றம் போக முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனுதான் போட வேண்டும், அதற்கும் காலக்கெடு உண்டு. அந்த ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வருகிறவருக்கு என்னால் வழக்கு நடத்த முடியாது. அச்சகத்துக்குப் போகும் முன் நோட்டீஸ் வாசகத்தை இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.